டேரியன் பெயரில் இரண்டு கேக்

அத்தியாயம் 11

பெட்டவே குடும்பத்தில் யாரிடமும் எதையும் நேராகக் கேட்டுப் பதில் வாங்க முடியாது. அம்மா வெர்னிதாவிடம் கேட்டால் ஒரு வேதவசனம் கிடைக்கும். அப்பா ராஸ்கோவிடம் கேட்டால், "நீ சாப்பிட்டியா?" என்பார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதையே பாதி வாழ்க்கையாக வைத்திருப்பவள் மகள் லட்ரீஸ்.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து சபைக் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இந்த வருட உதவித்தொகை தனக்குத்தான் என்று தெரிந்து, வகுப்புக்கு வருகிற பள்ளிக்கூடப் பெண் ஸரையா லட்ரீஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக ஏதோ சொல்ல வந்தாள். லட்ரீஸ்தான், "எதுவா இருந்தாலும் சனிக்கிழமை பேசிக்கலாம்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாள். சொல்ல வந்தது என்ன என்று இந்த வாரம் தெரியப்போகிறது. லட்ரீஸ் அன்றைக்கே காது கொடுத்திருந்தால் எனக்கு இந்த அத்தியாயம் எழுதும் வேலை மிச்சம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். டேரியன், லட்ரீஸின் தம்பி. கல்லூரி அணிவகுப்பு பேண்டில் டிரம் வாசித்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்து வெயிலில், கல்லூரி திறப்பதற்கு முந்திய பயிற்சி முகாமில் மைதானத்திலேயே விழுந்தான். எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வயது. ராஸ்கோவும் ஒரு காலத்தில் அதே பேண்டில் டிரம் வாசித்தவர்தான். மகன் வாசிப்பதைப் பார்க்க அன்றைக்கு அங்கே போயிருந்தார். "சட்டுன்னு விழுந்துட்டான்" என்று மட்டும் வீட்டில் வந்து சொன்னார். அதன் பிறகு அந்தக் கல்யாணம் ரொம்ப நாள் தாங்கவில்லை.

பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே காரியத்தைச் செய்தார்கள். வெர்னிதா தான் போகிற சீலோ தேவாலயச் சபையில் மகன் பெயரில் ஓர் உதவித்தொகை தொடங்கினாள். கல்லூரிக்குப் போகிற கறுப்பினப் பிள்ளைகள், போன வருடம் வந்த மெக்ஸிகோக்காரப் பையன் மாதிரிப் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பணத்தோடு விடக்கூடாது, பிள்ளைகளுக்கு வழியும் காட்ட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை வகுப்பு வைத்தாள். பகலில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் லட்ரீஸ்தான் வகுப்பை நடத்துபவள். கட்டுரை எழுதுவது, நேர்காணலில் உட்காருவது, வெள்ளைக்காரப் பெண்ணோடு ஒரே அறையில் தங்க நேர்ந்தால் தலைமுடியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் அங்கே நடக்கும்.

ராஸ்கோ பழைய பேண்டுக்காரர் சங்கத்தில் இன்னொன்று தொடங்கினார். அது பேண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்.

இரண்டு விழாவும் டேரியன் பிறந்தநாளை ஒட்டிய சனிக்கிழமை. அம்மாவுடையது மதியம், அப்பாவுடையது மாலை. எங்கள் மேக்கன் ஊரில் பாதிப் பேர் மதியம் சீலோவில் கோழி சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு, மாலையில் ராஸ்கோவிடம் விலா இறைச்சி சாப்பிடப் போவோம். நானும்தான். இங்கே பார்த்ததை அங்கே பேசமாட்டோம். எங்கள் ஊர் மரியாதை அது.

இன்னொன்றும் எல்லாருக்கும் தெரியும். வெர்னிதாவின் உதவித்தொகை பேண்டுப் பிள்ளை யாருக்கும் இதுவரை போனதில்லை. விதி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ராஸ்கோ மேல் இருக்கிற கோபம் என்று ஊர் பேசிக்கொண்டது, லட்ரீஸும் அப்படித்தான் நினைத்தாள். அதனால்தான் ஸரையாவின் கட்டுரையில் டிரம் வாசிப்பதைப் பற்றி எழுதியிருந்த பகுதியை எடுத்துவிடச் சொன்னாள். அந்தக் கட்டுரையிலேயே உயிருள்ள பகுதி அதுதான். அது லட்ரீஸுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஸரையாவை அழைத்துப்போக லட்ரீஸ் காரோடு போனாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த ஸரையாவின் அம்மா, வேலை உடுப்போடே வாசலில் நின்று மகளின் வெள்ளை உடுப்பில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாலை விழாவுக்குத் தூங்கி எழுந்து வந்துவிடுவதாகச் சொன்னாள். லட்ரீஸ் தலையாட்டிவிட்டாள். எந்த மாலை விழா என்று கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஸரையாவின் மடியில் ஒரு பை. பையிலிருந்து இரண்டு டிரம் குச்சிகள் எட்டிப் பார்த்தன.

"இது எதுக்கு?"

"சாயங்காலத்துக்கு. மிஸ்டர் ராஸ்கோ போன் பண்ணினாரே." அவள் லட்ரீஸ் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "எங்க பேண்டு வாத்தியார் என் பேர அனுப்பியிருக்கார். அங்கயும் எனக்குத்தான். உங்க அப்பாதானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். செவ்வாய்க்கிழமை சொல்ல வந்தேன்."

லட்ரீஸ் காரை ஓரமாக நிறுத்தினாள். நிறுத்தி என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடி கிளப்பினாள். மறுபடி நிறுத்தினாள். பின்னால் வந்தவன் ஒலி எழுப்பி, கையை வெளியே நீட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

"தப்பா, மிஸ் லட்ரீஸ்? ரெண்டும் ஒரே ஆளுக்காகத்தானே?"

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று லட்ரீஸால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஸரையாவுக்கு இடம் கிடைத்திருப்பது டேரியன் படித்த அதே கல்லூரியில். வெர்னிதா கொடுப்பது விடுதிக்குப் போகும், ராஸ்கோ கொடுப்பது புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும். ஒன்று நழுவினாலும் அந்தக் கல்லூரி இல்லை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிற ஏதோ ஒன்றில் சேர்ந்து, அம்மாவோடு சலவைக்கூடத்தில் பாதி நேர வேலைக்கும் போக வேண்டியதுதான். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் பிள்ளை இவள்.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்று லட்ரீஸ் முடிவு செய்தாள். மதியம் அங்கே, மாலை இங்கே. ஊர்தான் பேசாதே. இதை முடிவு என்று சொல்வதா, நடுக்கம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டவே வீட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஊர் பேசாது. ஆனால் ஒடெஸாவின் புருஷன் கேக் கொண்டுபோவானே, அதை லட்ரீஸ் நினைக்கவில்லை.

ஒடெஸா எங்கள் ஊரில் கேக் செய்பவள். வருடா வருடம் டேரியன் பெயரில் இரண்டு கேக் செய்வாள். சபைக்கு வெள்ளையாக, மேலே சிலுவை போட்டு. சங்கத்துக்கு டிரம் வடிவத்தில், கல்லூரி நிறங்களில். பெட்டியின் மேல் அந்தந்த வருடம் ஜெயித்த பிள்ளையின் பெயரை எழுதிவிடுவாள். புருஷன் பெயரைப் பார்த்து அந்தந்த இடத்தில் இறக்கிவிடுவான். இத்தனை வருடமும் இரண்டு பெயர் இருந்தது. இந்த வருடம் இரண்டு பெட்டியிலும் ஸரையா. அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான், புரியவில்லை, கைக்கு வந்ததை முதலில் இறக்கிவிட்டான். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று பிறகு ஒடெஸா திட்டினாள். அடுத்தவர் கேக் பெட்டியைத் திறக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

சபைக் கூடம் நிறைந்திருந்தது. தொப்பிகள் மட்டுமே தனியாக ஒரு கூட்டம் போலத் தெரிந்தன. வெர்னிதாவின் தொப்பி கத்தரிப்பூ நிறம், அதற்கேற்ற கையுறை. பக்கத்தில் ஸரையாவை உட்காரவைத்து, அவள் தட்டில் தானே மாக்கரோனி வைத்தாள். பிடித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் வெர்னிதா அப்படிச் செய்வாள். அதைப் பார்த்த லட்ரீஸ் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல வாசிப்பு. டேரியனின் அடக்க ஆராதனையில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பை ஒவ்வொரு வருடமும் ஜெயித்த பிள்ளை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம். ஞானஸ்நானம் எடுத்த வயது, பாடகர் குழுவில் பாடியது, ஞாயிற்றுக்கிழமைகளில் வயதானவர்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தது, கணக்கில் வாங்கிய பதக்கம். டிரம் என்ற சொல்லே அதில் கிடையாது. வெர்னிதா எழுதிக் கொடுத்தது அப்படி.

ஸரையா நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு போனாள். கல்லூரிக் காலம் வந்ததும் வேகம் குறைந்தது. ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தாள். விட்டுப்போன பக்கம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். தன் கட்டுரையில் எதை எடுத்தார்களோ அதையே அவன் வாழ்க்கையிலும் எடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. லட்ரீஸைப் பார்த்தாள். லட்ரீஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆமென்" சொல்லிவிட்டு வெர்னிதா கேக் பெட்டியைத் திறந்தாள்.

சிவப்பும் நீலமுமாக ஒரு டிரம். அதன் மேல் சர்க்கரையில் செய்த இரண்டு குச்சிகள். பக்கவாட்டில் வளைத்து வளைத்து எழுதியிருந்தது: 'டேரியனின் தாளம் நிற்காது. வாழ்த்துகள், ஸரையா.'

 போதகர் இருமினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் விசிறியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். அதே நேரம் பார்த்து லட்ரீஸின் கைப்பையில் போன் அதிர்ந்தது. அப்பா. அவள் சமையலறைப் பக்கம் ஓடினாள்.

"பாப்பா, என் கேக்குல சிலுவை இருக்கு," என்றார் ராஸ்கோ. "பரவாயில்ல, நானும் விசுவாசிதான். ஆனா உங்கம்மா கேக்குல நான் தேர்ந்தெடுத்த பொண்ணு பேரு எதுக்கு?"

அப்புறம் பேசுகிறேன் என்று லட்ரீஸ் வைத்துவிட்டாள். வைத்த கையோடு, பின்வாசல் வழியாக அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் நினைத்தாள். ஸரையாவை அங்கே தனியாக விட்டு வந்தது நினைவுக்கு வந்து திரும்பினாள்.

வெர்னிதா குரலை உயர்த்தவில்லை. "நீ டிரம் வாசிப்பியா, பாப்பா?"

"ஆமா, மேம். சின்ன வயசுலேருந்து."

"எழுதிக் குடுத்ததுல அது இல்லையே."

ஸரையா மேசை விரிப்பைப் பார்த்தாள். அந்தப் பெண் சொல்லமாட்டாள் என்பது லட்ரீஸுக்குத் தெரிந்தது. உதவித்தொகை போனாலும் யாரையும் காட்டிக்கொடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோமே என்று லட்ரீஸுக்குக் கூச்சமாக இருந்தது.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்மா."

வெர்னிதா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமா, வருத்தமா, வேறு ஏதாவதா என்று எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. பெட்டியை மூடினாள். போதகரை ஜெபம் செய்து முடிக்கச் சொன்னாள். காசோலை உறையை எடுத்துக் கைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த ஸரையாவின் கண் நிறைந்துவிட்டது.

"அடுத்தவங்க கேக்க நாம வெட்டக்கூடாது," என்றாள் வெர்னிதா. "கொண்டுபோய்க் குடுத்துட்டு வரலாம். லட்ரீஸ், வண்டிய எடு. நீயும் வா, பாப்பா."

சங்கக் கட்டடத்தின் பக்கம்கூட இத்தனை வருடமாகப் போகாதவள். அவளைத் தடுப்பதா, கூட்டிப்போவதா என்று லட்ரீஸ் யோசித்து முடிப்பதற்குள் அம்மா காரின் பின் இருக்கையில் ஏறி, தொப்பியைக் கழற்றாமலே, மடியில் கேக் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸரையா. கண்ணாடியில் தெரிந்த இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டு ஓட்டியதில் லட்ரீஸ் ஒரு சிவப்பு விளக்கைக் கடந்தே போய்விட்டாள்.

 ஆற்றுப் பாலம் தாண்டியதும் வெர்னிதா ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். எந்தக் கல்லூரி என்று கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்டாள். அங்கே பேண்டில் சேரப்போகிறாயா என்றாள். ஆகஸ்டில் முகாம் இன்னும் நடக்கிறதா என்றாள். எல்லாவற்றுக்கும் ஸரையா, ஆமாம் மேம், என்றாள்.

"வாசிக்கும்போது தலை சுத்தினா என்ன பண்ணுவ?"

ஸரையா யோசித்தாள். "வாசிச்சுகிட்டே இருப்பேன். கொஞ்ச நேரத்துல சரியாயிரும்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டியா?"

"வரிசைய விட்டு வெளிய வரக்கூடாது, மேம். ஒருத்தர் வந்தா மொத்த வரிசையும் தண்டால் எடுக்கணும். அப்புறம் நம்ம மூஞ்சியில யாரும் முழிக்கமாட்டாங்க." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எந்த டிரம் பிள்ளையைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும்.

வெர்னிதாவின் விரல்கள் அழுந்தி அட்டைப்பெட்டியின் மூலை மடங்கியது.

"ஊரே பேசுது," என்றாள், முன்னால் இருந்த மகளின் பின்னந்தலையைப் பார்த்து. "உங்கப்பா மேல இருக்கற கோவத்துலதான் பேண்டுப் பிள்ளைங்களுக்கு நான் குடுக்கறதில்லன்னு. நீயும் அப்படித்தான் நெனச்ச. கோவம் எப்பவோ போயிருச்சு, லட்ரீஸ். பயம். என் பையன் பேரைச் சொல்லி, என் கையால, இன்னொரு பிள்ளைய அதே மைதானத்துக்கு அனுப்பணும்னா எப்படி?"

லட்ரீஸ் வருடக்கணக்காக அம்மாவைப் பிடிவாதக்காரி என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்பாவைப் பாவம் என்றிருக்கிறாள். இப்போது எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா சொல்வது நியாயம். அந்தப் பெண் கல்லூரிக்குப் போக வேண்டும், அதுவும் நியாயம்.

"சட்டுன்னு விழுந்துட்டான்னு உங்கப்பா சொன்னாரு," என்றாள் வெர்னிதா. "அதுக்கு மேல நான் கேக்கல. கேக்க பயம். இந்தப் பிள்ளை இப்ப சொல்லுதே, வாசிச்சுகிட்டே இருப்பேன்னு. அவனும் அப்படித்தான் இருந்தானா? யார்கிட்டயாவது சொன்னானா? அது தெரியாம இந்த உறைய நான் குடுக்கமாட்டேன்."

ஸரையா மெதுவாகக் குச்சிகளைப் பைக்குள் தள்ளி, பையின் வாயை மூடினாள்.

சங்கக் கட்டடத்தில் பேண்டுக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தொப்பையும் நரையுமாகப் போய்விட்ட ஆட்கள். கத்தரிப்பூ நிறத் தொப்பி வாசலில் தெரிந்ததும் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் பீர் புட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். யாரோ, "சிஸ்டர் பெட்டவே, வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டு, வரவேற்றது சரிதானா என்ற பயத்தில் மற்றவர்களைப் பார்த்தார். ராஸ்கோ பின்புறம் புகையடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அவர் அடுப்பின் மூடியைத் திறந்து இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார். புகைக்கு நடுவே வெர்னிதாவைப் பார்த்ததும் இடுக்கி கையிலேயே நின்றது. லட்ரீஸ் டிரம் கேக்கை மேசையில் வைத்தாள். சிலுவை கேக் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதன் ஓரத்தை யாரோ விரலால் வழித்துத் தின்றிருந்தார்கள்.

"வெர்னிதா," என்றார் ராஸ்கோ. "சாப்பிட்டியா?"

"சாப்பாடு இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவனுக்கு முடியலன்னு யார்கிட்டயாவது சொன்னானா?"

ராஸ்கோ ஒரு துண்டைத் திருப்பினார். திருப்பியதையே மறுபடி திருப்பினார். லட்ரீஸ் அவருக்கு உதவியாக ஏதாவது பேச வாயெடுத்தாள். அதுதான் அவள் வழக்கம். அம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"சொன்னான்."

"யார்கிட்ட?"

"என்கிட்ட." அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "வேலி ஓரமா வந்தான். அப்பா, ஒரு மாதிரி இருக்குன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த ஒரு சுத்த முடிச்சுட்டு வாடான்னேன். நானும் அந்த வரிசையில நின்னவன், வெர்னிதா. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நான் முடிச்சுட்டு வந்தேன்."

  கட்டடத்துக்குள் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

வெர்னிதா கத்துவாள் என்று லட்ரீஸ் நினைத்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தாள். வெர்னிதா கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையுறைகளைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து உறையை எடுத்து ஸரையாவின் கையில் வைத்தாள். வைத்தவள் உறையை விடவில்லை.

"கேட்டியா, பாப்பா?"

"கேட்டேன், மேம்."

"நீ போ. அந்தக் கல்லூரிக்கே போ. டிரம் வாசி. என் பையன் பேரோட போ. ஆனா உனக்கு ஒரு மாதிரி இருந்தா என்ன பண்ணுவ?"

 ஸரையா ராஸ்கோவைப் பார்த்தாள், லட்ரீஸைப் பார்த்தாள்.

"அவங்கள எதுக்குப் பாக்கற? என்னைப் பாத்துச் சொல்லு."

"உக்காந்துருவேன்."

"முடிச்சுட்டு வான்னு சொல்லுவாங்க. உனக்குப் பிடிச்சவங்களே சொல்லுவாங்க."

"உக்காந்துருவேன், மேம்."

"மொத்த வரிசையும் உன்னைத் திட்டும்."

"திட்டட்டும், மேம். நான் உக்காந்துருவேன்." இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கும் கேட்கும்படி இருந்தது.

வெர்னிதா உறையை விட்டாள்.

  ராஸ்கோ அடுப்புக்குப் பக்கத்திலேயே, புல்தரையில், ஏப்ரன் கட்டியபடி மெல்ல உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, புகை கண்ணில் படுவதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல் இருந்தார்.

வெர்னிதா திரும்பிப் பார்த்தாள். அவள் அவரிடம் போகவில்லை. காருக்கும் போகவில்லை.

"லட்ரீஸ்," என்றாள். "உங்கப்பாவுக்குத் தண்ணி கொண்டா."

லட்ரீஸ் உள்ளே ஓடி, ஒரு கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சிந்தியது. தன் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த தம்பி, அவன் வந்து நின்ற அந்த வேலி, இத்தனை வருடமும் தான் பரிந்து பேசிய இந்த மனிதர், எல்லாம் மனசில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அப்பா நிமிர்ந்து பார்த்துக் கை நீட்டினார்.

கோப்பையைக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.